நீளத் திருப்புளியின் இடம்

மோட்டாரின் பதினோராம் பள்ளத்தில் மருமகள் செம்புக் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தபோது மாமா குக்கரைக் கேட்டார்.

“அந்தக் குக்கரைக் கொஞ்சம் எடுத்துட்டு வாம்மா.”

மருமகள் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். நான்கு நாட்களாக அவருக்குத் தண்ணீரே தேக்கரண்டியால்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த நிலையில் குக்கர் எதற்கு? வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பி எட்டு நாளாகிறது. அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று மாமாவுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறை வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தாள். முக்காலியில் உட்கார்ந்து, மோட்டார்க் கூட்டை மடியில் வைத்து, பள்ளத்துக்குள் காகிதத்தைச் செருகி, கம்பிக் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி இறக்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டே கம்பி உரசும் சத்தத்தைக் கேட்டு, “இழுக்காதே, மேல்பூச்சு போயிடும்” என்பார். உயிர் தொண்டைக்குழிக்கு வந்த பிறகும் வேலையில் குறை சொல்கிற மனிதர்.

“பசிக்குதா மாமா?”

“குக்கரை எடுத்துட்டு வான்னா பசிக்குதான்னு கேக்கற. எடுத்துட்டு வா.”

அவள் எழுந்து போனாள். மாமாவின் அறை ஒரு காலத்தில் கம்பி உருளைகள் அடுக்கிவைத்த சாமான் அறை. வெளியே வந்தால் பட்டறை. பட்டறையின் உள்வாசலைத் தாண்டினால் சாப்பாட்டு மேசை, அதற்கப்பால் சமையலறை. பட்டறைச் சுவரிலிருந்து சாப்பாட்டு மேசைவரை பதினாறு எட்டு நடை. இதை அவள் எண்ணவில்லை, கோர்ட்டில் எண்ணிச் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அவள் கால் தானாக எண்ணுகிறது.

நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம், அந்த மேசையில் சாப்பிட உட்கார்ந்த மாமாவின் மகன்கள் இருவரில் தம்பி அண்ணனைக் குத்திவிட்டான். அண்ணன்தான் அவள் கணவன். சண்டைக்கு என்ன காரணம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தம்பி கம்பி சுற்றிக் கொடுத்த ஒரு மோட்டார் மூன்றே நாளில் எரிந்து திரும்பி வந்திருந்தது. “கையில கவனம் இல்ல, வாய் மட்டும் எட்டு ஊருக்கு நீளுது” என்றான் அண்ணன். “நான் தனியாப் போயிடறேன், நீயே கட்டிக்கிட்டு அழு” என்றான் தம்பி. தட்டு பறந்தது. சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை அந்த வீட்டில் நடக்கிற கூத்துதான். அன்றைக்கு மட்டும் தம்பி கையில் நீளத் திருப்புளி இருந்தது. ஒரே குத்து. விலா எலும்புக்குக் கீழே இறங்கிவிட்டது.

வழக்கு முழுவதும் அந்தத் திருப்புளி எங்கே இருந்தது என்பதிலேயே நின்றது. மேசை மேல் கிடந்தது, கைக்கு அகப்பட்டதை எடுத்துவிட்டேன் என்றான் தம்பி. இல்லை, அது பட்டறைச் சுவரில் இருந்தது, இவன் சண்டையை விட்டுவிட்டுப் பதினாறு எட்டு நடந்து போய் அதை எடுத்து, பதினாறு எட்டு திரும்பி வந்து குத்தினான் என்றது அரசுத் தரப்பு. முப்பத்திரண்டு எட்டு நடக்கிற நேரம் ஒரு மனிதன் தன்னை அடக்கிக்கொள்ளப் போதுமானது என்று தீர்ப்பில் எழுதினார்கள். கைகலப்பில் நேர்ந்த சாவு என்றால் சில வருடங்களோடு போகும். கொலை என்றால் ஆயுள். தம்பிக்கு ஆயுள் கிடைத்தது.

அந்தத் தீர்ப்பைத் தாங்கி நின்றது மாமாவின் சாட்சி. “சாயங்காலம் பட்டறை சாத்தும்போது எல்லா சாமானும் சுவத்துல இருந்துச்சு. நானே பாத்தேன்” என்று கூண்டில் நின்று சொன்னார். அவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? தெருவே அவரைக் கோடு மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். பட்டறைச் சுவரில் பலகை அடித்து, ஒவ்வொரு சாமானுக்கும் ஓர் ஆணி அறைந்து, அதன் உருவத்தைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருந்தார். சுத்தியலுக்கு ஒரு கோடு, குறட்டுக்கு ஒரு கோடு, திருப்புளிகளுக்கு வரிசையாக ஏழு கோடு. எது இல்லையென்றாலும் வாசலில் இருந்தே தெரியும். “மேஸ்திரி கடையில ரெண்டு நிமிஷம் அசையாம நிக்காதே, உன்னைச் சுத்தியும் கோடு போட்டுடுவாரு” என்று மோட்டார் கொண்டுவருகிறவர்கள் கிண்டல் செய்வார்கள். எடுத்ததை எடுத்த இடத்தில் மாட்டாமல் அந்த வீட்டில் யாரும் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

மேல்முறையீடு நாளை மறுநாள், வியாழக்கிழமை, விசாரணைக்கு வருகிறது.

குக்கரைக் கொண்டுவந்து கட்டிலில் அவர் கைக்கு எட்டும்படி வைத்தாள். மாமா கைப்பிடியைப் பிடித்தார். தூக்கப் பலமில்லை. பிடித்த பிடியிலேயே மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தார்.

“ஆடலையே” என்றார்.

அவள் முக்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அந்த நாளுக்கு முன்னாடி தெனமும் லொடலொடன்னு ஆடும். உன் மாமியார் இருந்தப்பவே ஆடிச்சு. நாலு வருஷமா ஆடல.” கைப்பிடியின் அடியிலிருந்த துளையை விரலால் தடவினார். “ஸ்க்ரூ எவ்வளவு உள்ள உக்காந்திருக்கு பாரு. கட்டைத் திருப்புளி எட்டாது. நீளத் திருப்புளி ஒண்ணுதான் எட்டும்.”

ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் தெருமுனைவரை போய்த் தேயும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“பெரியவனை எடுத்துட்டுப் போன மறுநாள் யாரோ இதுல சமைச்சுக் கொண்டாந்து வெச்சாங்க. அப்பவே ஆடலைன்னு பாத்தேன்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “அன்னிக்கு சாத்தும்போதே அந்த இடம் காலியாத்தாம்மா இருந்துச்சு. யாரு எடுத்ததுன்னு திட்டறதுக்குத்தான் உள்ள வந்தேன். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.”

“மாமா...”

“நீ கவனிக்கலன்னு சொல்லிட்டுக் கூண்டுலேருந்து இறங்கிட்ட. அடுத்தது நான். சுவத்துல இருந்துச்சான்னு அரசாங்க வக்கீல் கேட்டாரு. நான் உன்னைப் பாத்தேன். பெஞ்சுல உக்காந்திருந்த. மூஞ்சில ரத்தமே இல்ல. இருந்துச்சுன்னு சொல்லிட்டேன்.”

இவ்வளவு பேசியதில் அவர் நெற்றி வியர்த்திருந்தது. அவள் துண்டை எடுத்துத் துடைத்தாள்.

“வியாழக்கிழமைதானே கேஸு?”

“ஆமா மாமா.”

“ம்” என்றார். கண்ணை மூடிக்கொண்டார். “இதை எடுத்துட்டுப் போய் இருந்த இடத்துல வை.”

அவள் குக்கரோடு சமையலறைக்குப் போனாள். சுத்தமாக இருந்த குக்கரைக் குழாயடியில் வைத்து மறுபடியும் கழுவினாள். திரும்பிப் போனால் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். அவர் எதையும் கேட்கவில்லைதான், ஆனாலும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துகொண்டு மூடியையும் கழுவினாள். உள்ளே இருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி அதையும் கழுவினாள்.

அன்றைக்கு அவள் நீளத் திருப்புளியைச் சுவரிலிருந்து எடுத்தபோது மணி நாலரை இருக்கும். கைப்பிடியை முடுக்கினாள். முடுக்கி முடித்து, மாட்டிவிட்டு வரலாம் என்று மேசைவரை கொண்டுவந்தாள். அதற்குள் அடுப்பில் பால் பொங்கியது. திருப்புளியை மேசைமேல் போட்டுவிட்டு ஓடினாள். பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பிறகு என்ற ஒன்று வரவே இல்லை.

கொழுந்தன் ஜெயிலிலேயே கிடந்து சாகட்டும் என்ற ஆத்திரம் அவளுக்கு இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. எல்லோரும் அது நியாயம்தான் என்றார்கள். அவள் மறைத்தது வேறு. அந்தத் திருப்புளி சுவரில் இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு சட்டை கிழிந்திருக்கும், இரண்டு நாள் பேச்சு வார்த்தை நின்றிருக்கும், மூன்றாம் நாள் இருவரும் ஒரே மோட்டாரைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தன் புருஷன் உயிரோடு இருந்திருப்பான். வக்கீல் முதன்முதலாக, மேசைமேல் எதையாவது பார்த்தீர்களா என்று கேட்டபோது அவள் வாயிலிருந்து கவனிக்கவில்லை என்றுதான் வந்தது. ஒருமுறை சொன்னதை அடுத்த முறை மாற்ற முடியவில்லை. நான்கு வருடம் ஓடிவிட்டது.

குக்கரை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது மாமா போயிருந்தார்.

முதலில் தூங்குகிறார் என்றுதான் நினைத்தாள். முக்காலியில் உட்கார்ந்து மோட்டார்க் கூட்டை மடியில் எடுத்துவைத்தாள். கம்பியை வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்தாள். இழுக்காதே என்று குரல் வரவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். அவருடைய வலது கை போர்வை மேல் இருந்தது. கைப்பிடியைப் பிடித்த வாக்கிலேயே விரல்கள் வளைந்திருந்தன. சுவர்க் கடிகாரத்தில் பத்தேகால்.

நாத்தனார் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். மாமாவுக்குப் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் நடுவில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை பார்ப்பவள், பாதி வேலையில் எழுந்து வந்திருந்தாள், புடவையில் குத்திய அடையாள அட்டைகூட அப்படியே இருந்தது. நான்கு வருடமாகத் தம்பியின் மேல்முறையீட்டுக்காக நாயாய் அலைகிறவள் அவள்தான். அண்ணியோடு சண்டை என்று எதுவும் இல்லை. வருவாள், அப்பாவைப் பார்ப்பாள், போவாள். அண்ணி முகத்தைப் பார்த்துப் பேசினால் எங்கே எது உடைந்துவிடுமோ என்று சுவரைப் பார்த்தே பேசுவாள்.

அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது முடித்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: “கடைசியா ஏதாவது சொன்னாரா?”

“குக்கர் கேட்டார்.”

“குக்கரா?”

“ஆமா. எடுத்துட்டு வரச் சொன்னார். பாத்தார். திருப்பி வைக்கச் சொன்னார்.”

அழுகைக்கு நடுவில் நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சாகற நேரத்துலயும் இருந்த இடத்துல வைக்கச் சொன்னாராக்கும்” என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. “தம்பியைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?”

“வியாழக்கிழமைதானே கேஸுன்னு கேட்டார்.”

“அந்த அக்கறை கூண்டுல ஏறினப்ப இருந்திருக்கணும்.” இதையும் அவள் சுவரைப் பார்த்துத்தான் சொன்னாள். “வக்கீலம்மாகிட்ட பேசிட்டேன் அண்ணி. ரெண்டு மணிக்கு அவனைக் கூட்டிட்டு வருவாங்க. அஞ்சுக்குள்ள ஜெயிலுக்குத் திரும்பிடணும். உங்களுக்குச் சங்கடமா இருந்தா அந்த நேரம் நீங்க உள்ள இருந்துக்குங்க.”

“அவர் அப்பா. வரட்டும்” என்றாள் மருமகள்.

வக்கீலம்மா ஒன்றரை மணிக்கே அனுமதிக் காகிதத்தோடு வந்துவிட்டாள். ஐம்பது வயதிருக்கும். கறுப்பு அங்கியை மடித்துக் கைப்பைக்குள் திணித்திருந்தாள், அதன் ஒரு முனை வெளியே தொங்கியது. மாமாவின் அறைக்குள் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்து பட்டறை பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் எதையும் பூசி மெழுகிப் பேசுகிறவள் இல்லை.

“ரெண்டு தடவை வந்து கேட்டேன் இவர்கிட்ட” என்றாள். “நல்லா யோசிச்சுப் பாருங்க, ஒருவேளை மறந்திருப்பீங்கன்னு. வாயே திறக்கல. இனிமே அவர் சொன்னது சொன்னதுதான். அதை மாத்த இந்த உலகத்துல ஆள் இல்ல.”

“அப்ப வியாழக்கிழமை?” என்றாள் நாத்தனார்.

“வாதாடுவேன். ஆனா அந்த முப்பத்திரண்டு எட்டு இருக்கே, அதைத் தாண்டணும்.”

மருமகள் எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தாள். தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

ஜீப் இரண்டேகாலுக்கு வந்தது. தெருவில் கதவுகள் திறந்தன, ஆனால் யாரும் வெளியே வரவில்லை. இரண்டு காவலர்கள். ஒருவர் முன்னால் நடந்தார். இன்னொருவர் கையோடு சின்னவனின் இடது கை விலங்கில் கோத்திருந்தது. நான்கு வருடத்தில் அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. இவன் தன் கணவனின் சாயலில் இருப்பான் என்பதை மருமகள் மறந்துபோயிருந்தாள்.

பட்டறைக்குள் நான்கு எட்டு வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“உள்ள வாடா தம்பி” என்றாள் நாத்தனார்.

“நான் பாக்கலக்கா. இங்கயே நின்னுட்டுப் போயிடறேன்.”

“இவ்வளவு தூரம் வந்துட்டு அப்பா முகத்தைப் பாக்காமப் போவியா?”

“எந்த முகத்தைப் பாக்கறது? பெத்த புள்ளைய ஊர் முன்னாடி பொய்யன்னு சொன்ன முகத்தையா?” சத்தமே இல்லாமல்தான் சொன்னான். “நான் செஞ்சதுக்கு எனக்குத் தண்டனை வேணும்கா. அண்ணன் போனதுலேருந்து நான் ஒரு நாளும் ஒழுங்காத் தூங்கல. ஆனா நான் எழுந்து போய் எடுத்துட்டு வரல. மேசை மேல கிடந்துச்சு. அவருக்கு நான் செத்துத் தொலையணும்னு தோணியிருக்கு. வேற என்ன?”

அதன்பிறகு அவன் யாரையும் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பலகையில் எல்லாம் அதனதன் கோட்டுக்குள் இருந்தன. திருப்புளி வரிசையில் மட்டும் ஐந்தாவது இடம் காலி. நீளமான வெள்ளைக் கோட்டுக்குள் வெறும் பலகை. போலீஸ் எடுத்துக்கொண்டு போனதற்குப் பதிலாக மாமா வேறு வாங்கவில்லை. கோட்டை அழிக்கவும் இல்லை.

மூன்று மணிக்கு மாமாவை எடுத்துப்போக வண்டிக்காரர் வந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

“கதவு உள்பக்கம் திறக்குதுங்க. கட்டில் இடிக்குது. ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாது. கதவைக் கழட்டினாத்தான் ஆகும்.”

சின்னவன் யோசிக்கவே இல்லை. வலது கை தானாகச் சுவருக்குப் போயிற்று. கட்டைத் திருப்புளியின் பிடியை விரல் தொட்டதும் காவலர் அவன் கையின் மேல் தன் கையை வைத்தார்.

“அதெல்லாம் தொடக் கூடாதுப்பா” என்றார். கடுமையாகச் சொல்லவில்லை.

அவன் கையை இழுத்துக்கொண்டான். இழுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கால்சட்டைப் பையில் விட்டான். காவலரும் வேறு பக்கம் பார்த்தார். ஆளுக்கு ஆள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள்.

மருமகள் போய்க் கட்டைத் திருப்புளியை எடுத்தாள். கதவில் மூன்று கீல்கள். எத்தனையோ முறை பெயின்ட் அடித்ததில் ஸ்க்ரூக்களின் வெட்டு மூடியிருந்தது. திருப்புளி முனையால் பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு மேல் கீலில் முனையை வைத்தாள்.

“கீழேருந்து வாங்க அண்ணி” என்றது பின்னாலிருந்து குரல். “மேல் கீல் கடைசியில. இல்லன்னா கதவு உங்க மேலயே சாயும்.”

நான்கு வருடத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. அவள் திரும்பவில்லை. கீழே குனிந்து அடிக் கீலிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றித் தன் புடவை முந்தானையில் முடிந்துகொண்டாள். கதவை வண்டிக்காரர் தாங்கிப் பிடித்தார். ஒன்பதாவது ஸ்க்ரூ வெளியே வந்ததும் கதவு அவர் கைக்குப் போயிற்று, அவர் அதைப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார். அறை திறந்துகிடந்தது. மாமாவின் பாதங்கள் பட்டறையிலிருந்தே தெரிந்தன.

“சாமானை மாட்டிடுங்க அண்ணி” என்றான் சின்னவன். பழக்கதோஷம்தான். சொல்லிவிட்டு அவனுக்கே சங்கடமாகிவிட்டது.

அவள் கட்டைத் திருப்புளியை அதன் கோட்டுக்குள் மாட்டினாள். மாட்டிவிட்டு நகரவில்லை. பக்கத்திலிருந்த காலி இடத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

“அன்னிக்கு நான் இதை மாட்டல” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை.

“குக்கர் கைப்பிடியை முடுக்கறதுக்கு எடுத்தேன். மேசை மேல போட்டுட்டு அடுப்பைப் பாக்கப் போயிட்டேன். அது அங்கதான் கிடந்துச்சு. நான் போட்ட இடத்துல.”

வக்கீலம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். நாத்தனார் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருமகள் இப்போதுதான் கொழுந்தனை நேராகப் பார்த்தாள். “உங்கப்பாவுக்கு அது தெரியும். சாத்தும்போதே இடம் காலியா இருந்ததைப் பாத்திருக்கார். நான் எடுத்தேன்னும் தெரியும். என் பேரு வெளிய வரக் கூடாதுன்னுதான் சுவத்துல இருந்துச்சுன்னு சொன்னார். நீ சாகணும்னு சொல்லல. காலையிலதான் என்கிட்ட சொன்னார். சொல்லிட்டு, வியாழக்கிழமைதானே கேஸுன்னு கேட்டார். ஆமான்னு மட்டும் சொல்லிட்டு உள்ள போயிட்டேன். திரும்பி வரதுக்குள்ள...”

அவளால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிட்டாள்.

“நீ என் புருஷனைக் கொன்னவன். அது மாறாது” என்றாள். “ஆனா நீ எழுந்து போய் எடுத்துட்டு வரல.”

வக்கீலம்மா கிட்டே வந்தாள். “யோசிச்சுதான் சொல்றீங்களா? கவனிக்கலன்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கீங்க. இப்ப மாத்தினா அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஆகும். அதுக்கு உங்க மேலயே கேஸ் வரலாம். நாலு வருஷம் கழிச்சு வந்து சொல்றதைக் கோர்ட்டு எடுத்துக்கும்னும் நான் உறுதி சொல்ல முடியாது.”

“எடுத்துக்கலன்னா எடுத்துக்கல. வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?”

“பத்தரைக்கு.”

“வரேன்.”

நாத்தனார் மெல்லப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். பாதி சுற்றிய மோட்டார் அவள் காலடியில் இருந்தது. “நாலு வருஷம் அண்ணி” என்றாள். இந்த முறை சுவரைப் பார்க்கவில்லை, அண்ணியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். மருமகள் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று தோன்றியது. கேட்டால் அவள் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

சின்னவன் அசையாமல் நின்றான். பிறகு கதவைக் கழற்றிய வாசல் வழியாக அறைக்குள் நடந்தான். காவலர் இழுபட்டுக் கூடவே போனார். கட்டிலுக்குப் பக்கத்தில் அவன் மண்டியிட்டபோது, விலங்கு ஒரே விலங்கு என்பதால், காவலரும் மண்டியிட வேண்டியிருந்தது. அவர் தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். முன்பின் தெரியாத ஒரு கிழவருக்கு முன்னால் அந்த மனிதர் தலைகுனிந்து வெகுநேரம் இருந்தார்.

சின்னவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். ஏதோ சொன்னான், பட்டறைவரை கேட்கவில்லை. அவருடைய வலது கையின் வளைந்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடப் பார்த்தான். அவை நீளவில்லை. அந்த வளைவுக்குள் தன் விரலை நுழைத்து வைத்துக்கொண்டான்.

நாலேகாலுக்கு மாமாவை எடுத்தார்கள். வண்டிக்குள் ஸ்ட்ரெச்சர் ஏறியது. நாத்தனார் முன்இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். தன் பக்கத்தில் அண்ணிக்கு இடம் விட்டிருந்தாள், ஆனால் கூப்பிடவில்லை. வக்கீலம்மா கைப்பை மேல் காகிதத்தை வைத்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நாத்தனார் இடம் விட்டது எதனால் என்று யோசிக்க மருமகளுக்கு அப்போது தெம்பில்லை. பட்டறை விளக்கை அணைக்க உள்ளே போனாள்.

“நேரமாச்சு” என்றார் ஜீப்பிலிருந்த காவலர்.

“கொஞ்சம் தண்ணி குடிச்சுக்கறேன் சார்” என்றான் சின்னவன்.

கூட இருந்த காவலர் தலையசைத்தார். இருவரும் பட்டறையைக் கடந்து, உள்வாசலைத் தாண்டி, சாப்பாட்டு மேசையைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனார்கள். மேசையருகே மட்டும் அவன் நடை ஒரு கணம் தடுமாறியது. குழாயைத் திறந்து டம்ளரில் பிடித்து நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவினான், ஒற்றைக் கையால்.

மருமகள் உள்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுப்புக்குப் பக்கத்தில் குக்கர் இருந்தது. சின்னவன் அதன் கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பார்த்தான். இன்னொரு முறை அசைத்தான். பிறகு அதைச் சத்தமில்லாமல் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, காவலரோடு வெளியே போனான்.